மூன்று அடி, ஓர் இருமல்

கும்மிடிப்பூண்டி பஜாரில் மெக்கானிக் துலுக்காணத்தைத் தெரியாத டிரைவர் அந்தக் காலத்தில் கிடையாது. கல்கத்தா வரை போகிற லாரிக்காரர்கள்கூட ஆந்திர எல்லையைத் தாண்டுவதற்கு முன் அவர் பட்டறையில் ஒருமுறை எஞ்சினைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. சுடுகாட்டை ஒட்டி நின்றுபோன லாரியைத் தன்னந்தனியாகப் பழுது பார்த்து, அதன் நிழலிலேயே படுத்துத் தூங்கி எழுந்து வந்தவர்.

அப்படிப்பட்டவர் 1977 ஆயுத பூசைக்குப் பிறகு பட்டறைக் கதவைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார். மழையோ வெயிலோ, திறந்த இடத்தில்தான் வேலை. ஏன் என்று கேட்டால், காற்று வேண்டும் என்பார்.

உண்மைக் காரணம் இதுதான். துலுக்காணம் சொன்னதையும், அன்று அவருடன் போன டிரைவர் யேசுதாஸ் சொன்னதையும் தனித்தனியாகக் கேட்டு எழுதியது. இரண்டும் எந்த இடத்திலும் முட்டிக்கொள்ளவில்லை. முட்டிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆயுத பூசை அன்று காலை. பட்டறையில் ஸ்பேனர்கள், சுத்தியல்கள், ஜாக்கி, கடப்பாரை எல்லாம் மண்ணெண்ணெயில் குளித்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வாழை இலையில் படுத்திருந்தன. மறுநாள் பூசை பிரிக்கிற வரைக்கும் அவற்றை யாரும் தொடக் கூடாது. துலுக்காணம் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் யேசுதாஸ் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அண்ணாத்த, ஒரு ஒபகாரம்."

"இன்னிக்கி ஒண்ணும் நடக்காது. நாளைக்கி வா."

"நாளைக்கி வந்தா டிரைவரா வரமாட்டேன். சும்மா ஆளாத்தான் வருவேன்."

யேசுதாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் முதலாளியின் காரை ஓட்டுகிறவன். கல்யாணம் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கார் வெள்ளை அம்பாசிடர். முதலாளி ஆலையில் தங்குகிற நாட்களில் கார் பின்பக்க ஷெட்டில் நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காகப் பிடிக்காது. உதறும், குலுங்கும், இருமும். கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். மெட்ராஸில் முதலாளி வீட்டில் நின்றால் ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும். மெட்ராஸில் இரண்டு தடவை காட்டியாயிற்று. வண்டியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"நான் ஓட்ற ஓட்டுலதான் வண்டி கெட்டுப்போச்சாம். வண்டிய இங்கயே உட்டுட்டு ரயில்ல மெட்ராஸ் போயிருக்காரு, நாளைக்கிப் புது மிஷினு பூசைக்கி வராரு. அன்னிக்கும் இருமிச்சின்னா சாவியக் குட்த்துட்டுப் போடான்னு சொல்லிட்டாரு."

துலுக்காணம் பொரியை மென்றபடி யோசித்தார். அவர் மனைவி கனகாம்பாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பொட்டு வெச்ச சாமான எடுத்தீன்னா அப்புறம் என்னாண்ட பேசாத."

"எடுக்கலடி. வண்டியோட வந்த சாமான் இருக்கும் இல்ல. ப்ளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஹேண்டில். இருமலுக்கு அது போதும்."

"வேட்டியில கரி பட்டுதுன்னா நீயே தொவச்சிக்க" என்றாள் கனகாம்பாள்.

ஆக, வாழ்நாளில் முதல்முறையாகத் துலுக்காணம் தன் சாமான் பை இல்லாமல் வேலைக்குப் போனார். கடப்பாரை, சுத்தியல், ஜாக்கி எதுவும் கையில் இல்லை.

தொழிற்பேட்டை அன்று வேறு ஊர் மாதிரி இருந்தது. கேட்டுக்குக் கேட்டு வாழைக்கன்று, மாவிலை. சாலையில் உடைந்த பூசணிக்காய்கள், சிவப்புக் குங்குமம். இயந்திரம் ஒன்றுகூட ஓடவில்லை. ஆலைச் சங்கு ஊதவில்லை. சைக்கிள் செயின் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முன் கம்பியில் உட்கார்ந்திருந்த துலுக்காணத்துக்கு, எதிரில் ஓர் ஆள்கூட வராதது ஏனோ உறுத்தியது.

ஆலை கேட்டில் வாட்ச்மேன் நாகமுத்து மட்டும் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். ஷெட் என்றதும் எழுந்துகொள்ளவில்லை.

"நீங்களே போய்க்குங்க. தொறந்துதான் கெடக்குது. நான் அங்க வரல."

"ஏன் நைனா, இன்னா கெடக்குது அங்க?" என்றான் யேசுதாஸ்.

"முட்டி வலிப்பா."

முட்டியைத் தொட்டுக்கூடக் காட்டவில்லை அவர்.

ஷெட் காம்பவுண்டின் கடைசியில் தனியாக நின்றது. செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜன்னல் கிடையாது. பின்சுவரில், ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில், விரல் நுழையாத ஒரு கம்பி வலை மட்டும். முன்னால் ஒரே இரும்புக் கதவு. தண்டவாளம் மாதிரியான பட்டையில் சக்கரம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. தரை சிமெண்ட், அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலக் குழி குழியாக இருந்தது.

"மொதல்ல ஆசிட் ஜாடிங்க வெச்சிருந்த எடமாம்" என்றான் யேசுதாஸ். "கம்பியக் கழுவுறதுக்கு."

"அதான். எடம் பூரா ஈதம், ஒரே ஈரம். ராத்திரி நிக்கற வண்டி ஈதத்தக் குடிச்சிருக்கும். காலைல நெருப்பு சரியா விழாது." துலுக்காணத்துக்குப் பாதி வேலை முடிந்துவிட்ட திருப்தி.

"வெளிய தள்ளிக்கினு வந்துரலாமா அண்ணாத்த?"

"நோவு எங்க வருதோ அங்கதான் பாக்கணும். வெளிய வந்தா நல்லா ஓடும். அப்புறம் என்னத்தப் பாக்கறது? ஸ்டார்ட் பண்ணு."

யேசுதாஸ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் முனகி, உதறிக்கொண்டு எழுந்தது.

டப்... டப்... டப்... ஹ்க்.

டப்... டப்... டப்... ஹ்க்.

நான்கு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்கிறது; பட்டறைப் பேச்சில் 'மிஸ்'. குழந்தைக்குக்கூடத் தெரியும். யேசுதாஸ் இறங்கி வந்து பேச ஆரம்பித்தான். மெட்ராஸ் மெக்கானிக் சொன்னது, முதலாளி சொன்னது, மாமியார் சொன்னது.

"தாஸு, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நான் எஞ்சின் சத்தம் கேக்கும்போது வாயத் தொறக்காத. கூப்டாத. கதவ ஆட்டாத. முடிஞ்சாக்கா நானே வருவேன்."

யேசுதாஸ் வாயை மூடிக்கொண்டான்.

செத்த சிலிண்டர் எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எஞ்சின் ஓடும்போதே ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். வேலை செய்கிற சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். செத்த சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் எதுவும் மாறாது.

துலுக்காணம் முதல் வயரைப் பிடுங்கினார். எதுவும் மாறவில்லை. சரி, இதுதான் ஆள்.

ஆனாலும் முறை முறைதான். அதை மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினார். எதுவும் மாறவில்லை. மூன்றாவது... நான்காவது...

எதைப் பிடுங்கினாலும் அதே மூன்று அடி. அதே இருமல்.

இரண்டு வயர்களைச் சேர்த்துப் பிடுங்கினார். இரண்டு சிலிண்டரில் இந்த எஞ்சின் நின்றே போக வேண்டும். நிற்கவில்லை.

டப்... டப்... டப்... ஹ்க்.

"நிறுத்துடா."

யேசுதாஸ் சாவியை உருவினான். எஞ்சின் இன்னும் ஒரு சுற்று அடித்து, கடைசியாக ஒருமுறை இருமி, ஓய்ந்தது. சூடேறிய கரி உள்ளே ஒட்டியிருந்தால் சில எஞ்சின் அப்படிச் செய்யும். துலுக்காணம் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டார். ஆனால் இந்த எஞ்சின் இன்னும் சூடாகவே இல்லை.

"பேட்டரியில கோளாறு இருக்கும்" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. "இதக் கழட்டி எடுத்துக்கினு பாக்கியநாதன் கடைக்கிப் போ. அவன் உங்க ஆளு, கடை தொறந்திருப்பான். சார்ஜ் பாத்து, இல்லன்னா வேற ஒண்ணு கேட்டு வாங்கிக்கினு வா."

பேட்டரியைக் கழற்றி சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். யேசுதாஸ் போனான். சைக்கிள் சத்தம் கேட் வரை கேட்டு, நின்றது.

துலுக்காணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கு ப்ளக்கையும் கழற்றினார். துணி விரித்து வரிசையாக வைத்தார். நான்கும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. ஒன்றிலும் கரி இல்லை, எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை. அவ்வளவு நல்ல ப்ளக்குகளை அவர் அந்த வருஷம் பார்த்ததில்லை.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, கடல் பக்கமிருந்து சாய்வாக அடித்தது. சாரல் நேராகத் திறந்த பானெட்டுக்குள் வந்தது. ப்ளக் கழற்றின நான்கு ஓட்டைகளும் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் கெட்டது. துலுக்காணம் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தார். வேறு எந்த ஆளும் அந்த இடத்தில் அதை மூடியிருக்க மாட்டான். மெக்கானிக் மூடுவான்.

கதவு கனம். பாதி வரை முக்கி முக்கித்தான் வந்தது. கடைசி ஒரு முழம் மட்டும் அவர் இழுக்காமலே போனது. கையிலிருந்து நழுவிப் போய்ச் சுவரில் மோதி நின்றது.

சறுக்கல் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே வெளிச்சம் குறைந்தது. கம்பி வலை வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் காரின் கூரை மேல் மட்டும் விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை கொட்டுகிற இரைச்சல். துலுக்காணம், ப்ளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, குனிந்து, பாயிண்டைப் பார்த்தார். அதுவும் சுத்தம்.

ஒரு வாடை வந்தது.

புளித்த, கூர்மையான வாடை. மூக்கின் மேல்பக்கத்தைப் பிடித்தது. பேட்டரி ஆசிட் சிந்தியிருக்கும் என்று பேட்டரி வைக்கிற தட்டை விரலால் தடவினார். காய்ந்த தூசி.

கண் எரிந்தது. துடைத்துக்கொண்டார்.

டப்... டப்... டப்... ஹ்க்.

வண்டிதான் ஓடுகிறது என்று ஒரு கணம் அவரும் நினைத்தார். முப்பது வருஷப் பழக்கம் அது. கை தானாகப் பின்வாங்கியது, ஃபேனில் விரல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று.

ஃபேன் சுற்றவில்லை.

டப்... டப்... டப்... ஹ்க்.

எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். சிறு அதிர்வுகூட இல்லை. ப்ளக்குகள் நான்கும் துணியில் கிடந்தன. பேட்டரித் தட்டு காலி. இந்த வண்டி ஓட முடியாது. நெருப்புக்கு வழியே இல்லை.

சத்தம் அவருக்குப் பின்னால் கேட்டது.

கதவிலிருந்து.

யேசுதாஸ் வந்துவிட்டான், தட்டுகிறான். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "வரேன்டா" என்றார். குரல் கரகரத்தது. கதவருகே போனார்.

டப்... டப்... டப்...

அவர் கண்ணெதிரே, தோள் உயரத்தில், இரும்புத் தகடு அதிர்ந்தது. வெளியேயிருந்து தட்டினால் தகடு உள்பக்கம் பிதுங்க வேண்டும்.

அது வெளிப்பக்கம் பிதுங்கியது.

தட்டுவது உள்ளே இருந்து. அவர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்து.

ஹ்க்.

அந்த இருமல் அவர் காதோரம் கேட்டது. அது எஞ்சின் இருமல் இல்லை. தொண்டை இருமல்.

துலுக்காணம் கதவைப் பிடித்துத் தள்ளினார். நகரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். நகரவில்லை. சக்கரம் பட்டையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கடப்பாரை இருந்தால் இரண்டு நெம்பு போதும். கடப்பாரை பட்டறையில், சந்தனப் பொட்டோடு, வாழை இலையில் கிடந்தது.

கார் ஹாரன். ஓடிப்போய் அழுத்தினார். ஊமை. பேட்டரி இல்லை. தன் கையால்தான் கழற்றிக் கொடுத்தனுப்பினார்.

காரின் ஹேண்டிலை எடுத்தார். முன்னால் செருகி எஞ்சினைச் சுற்றுகிற இரும்புக் கம்பி. கதவுக்கும் சுவருக்கும் நடுவே நெம்பப் பார்த்தார். நுனி நுழைய இடமில்லை. அப்படியே கதவை ஓங்கி அடித்தார்.

டப். டப். டப்.

நான்காவது அடிக்குக் கை ஓங்கியபோது தொண்டையை நெருப்பு பிடித்தது. குனிந்து இருமினார்.

மறுபடி அடித்தார். மூன்று. அதற்கு மேல் மூச்சு இல்லை. இருமல்.

மறுபடி. மூன்று... இருமல்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, தான் என்ன சத்தம் எழுப்புகிறோம் என்று.

வாடை தடித்துக்கொண்டே வந்தது. புகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. வேட்டியை அவிழ்த்து மூக்கில் சுற்றிக்கொண்டார். கத்தினார். குரலுக்குப் பதில் காற்று வந்தது.

வெளியே சைக்கிள் மணி.

ஸ்டாண்டு போடுகிற சத்தம். மழையை மீறிக் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், மூன்றடி தூரத்தில் யேசுதாஸ்.

துலுக்காணம் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து அடித்தார். மூன்று அடி. இருமல். மூன்று அடி. இருமல்.

வெளியே தீக்குச்சி உரசுகிற சத்தம். பீடி.

அடித்தார்.

வெளியே யேசுதாஸின் குரல், மெதுவாக, தனக்குத்தானே:

"இன்னும் மிஸ்ஸாத்தான் அடிக்குது."

கூப்பிடாதே, கதவை ஆட்டாதே, முடிந்தால் நானே வருவேன். துலுக்காணமே சொன்ன வார்த்தை. பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறான். கதவு சும்மா சாத்தியிருக்கிறது, மழைக்காக. உள்ளே மெக்கானிக் எஞ்சினுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவன் அப்படியேதான் உட்கார்ந்திருப்பான். எவ்வளவு நேரமானாலும்.

ஒரு வழிதான் இருந்தது. அடிப்பதை நிறுத்த வேண்டும். சத்தம் நின்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைப்பான். வேலை முடிந்தது என்று நினைப்பான். திறப்பான்.

ஹேண்டிலைத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் வாயில் அழுத்தி இருமலை அடக்கினார்.

அமைதி.

மழை மட்டும்.

ஒரு மூச்சு... இரண்டு மூச்சு...

டப்... டப்... டப்... ஹ்க்.

ஹேண்டில் தரையில் கிடந்தது. அவர் கை அவர் வாயில் இருந்தது.

டப்... டப்... டப்... ஹ்க்.

அது நிற்கவில்லை. அவருக்காகவும் நிற்கவில்லை.

துலுக்காணம் தரையில் விழுந்தார். கதவுக்குக் கீழே, பட்டை ஓடுகிற சந்தில், நூல் அளவு வெளிச்சம். அதில் மூக்கை வைத்தார். நனைந்த மண் வாசனை. அந்தப் பக்கம் யேசுதாஸின் செருப்புக் கால் தெரிந்தது. ஒரு விரலை நீட்டினார். விரல் நுழையவில்லை.

பக்கத்தில் யாரோ படுத்தார்கள்.

கன்னத்துக்கு அருகே, அதே சந்தில், இன்னொரு மூச்சு. அவசரமான, கிழிந்த மூச்சு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு நினைவில்லை.

யேசுதாஸ் சொன்னது இது. ஷெட் ஓரம் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பீடி பிடித்தான். உள்ளே எஞ்சின் ஓடுகிறது, மிஸ் அடிக்கிறது, அண்ணாத்தை கேட்கிறார். தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டாவது பீடி பற்றவைக்கும்போது சாரல் சைக்கிள் மேல் அடித்தது. பேட்டரி நனையப் போகிறதே என்று எழுந்து, துண்டால் மூடப் போனான். பேட்டரி மேல் கை வைத்தான்.

கை அப்படியே நின்றது.

பேட்டரி என்னிடம் இருக்கிறது. அப்படியென்றால் உள்ளே எது ஓடுகிறது?

"ஒரு கையாலதான் தள்னேன் அண்ணாத்த" என்றான் பிறகு. "கதவு வழுக்கிக்கினு போச்சி. நீ அங்க, வாசப்படியில குப்புறக் கெடக்கற. சத்தம் டக்குனு நின்னுச்சி. உள்ள பூட்டி வெச்ச மாதிரி ஒரு நெடி. மூஞ்சில அடிச்சிது. அப்புறம் ஒண்ணும் இல்ல."

மழையில் இழுத்துப்போட்டுத் தண்ணீர் தெளித்து, பஜாருக்குத் தூக்கி வந்தார்கள். கம்பவுண்டர் அருணகிரி தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"துலுக்காணம், நீ எப்பய்யா ஆசிட் தொட்டி வேலைக்கிப் போன?"

மறுநாள் விஜயதசமி. பூசை பிரித்ததும் துலுக்காணம் தன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. கனகாம்பாள் தடுத்துப் பார்த்தாள். பையனின் வேலை போய்விடும் என்று எழுதிக் காட்டினார். அவள் கடப்பாரையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அவர் ஷெட்டுக்குள் போகவில்லை. நான்கு பேர் காரை வெளியே தள்ளி வந்தார்கள். கேட்டருகே, வெட்டவெளியில், அதே நான்கு ப்ளக்கை மாட்டினார். அதே பேட்டரியை வைத்தார். எதையும் மாற்றவில்லை. யேசுதாஸ் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது. முதலாளி வந்தார், உட்கார்ந்து பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் பூசைக்குப் போனார். சாவி யேசுதாஸிடமே இருந்தது.

வாட்ச்மேன் நாகமுத்து இதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். துலுக்காணம் அவர் முன்னால் போய் நின்றார்.

"யாரு?" என்றார். காற்றுக் குரலில்.

நாகமுத்து தரையைப் பார்த்தார். துலுக்காணம் நகரவில்லை.

"பெஞ்சலய்யா" என்றார் கடைசியில். "சுள்ளூர்பேட்டை பக்கத்து ஆளு. காண்ட்ராக்ட்ல வந்தவன். போன வருசம் ஆயுத பூசைக்கி ஜாடிங்களுக்குப் பொட்டு வெக்கப் போனான். அன்னிக்கும் இதே மாதிரி மழ. சாரல் அடிக்குதேன்னு கதவ சாத்திக்கினான் போல. ஜாடி ஒண்ணு ஒடஞ்சிருக்குது. மறுநா காலைல மிஷினுக்குப் பூச போட வந்தப்பதான் தெரிஞ்சிது. லாரியில ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க."

"தட்டலியா?"

"தட்னா எனக்குக் கேக்காதா? கேட்டா ஓடிருக்க மாட்டனா?" நாகமுத்துவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அன்னிக்கிப் பூரா எனக்கு எஞ்சின் சத்தம்தான்பா கேட்டுது. மூணு அடி, ஒரு இருமல். மூணு அடி, ஒரு இருமல். கார எவனோ ரிப்பேர் பாத்துக்கினு இருக்கான்னு நெனச்சேன். நீங்க வந்தீங்களே, அந்த மாதிரி."

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த யேசுதாஸ் நிமிர்ந்தான்.

"எந்தக் காரு நைனா?"

"இதாம்பா. இந்த வெள்ளக் காரு."

"இத இந்தச் சித்திரையிலதான வாங்குனாரு. மெட்ராஸ்லேர்ந்து நான்தான ஓட்டிக்கினு வந்தேன்." யேசுதாஸ் துணியைக் கீழே போட்டான். "அதுக்கு முன்ன மொதலாளி ரயில்ல வந்து ஜட்கா வண்டியில வருவார்னு நீதான சொன்ன. அப்ப ஏது இங்க காரு?"

நாகமுத்து அவனைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு ஷெட்டைப் பார்த்தார்.

"சாயங்காலம் வரிக்கும் கேட்டுதேப்பா" என்றார்.